பத்து நிமிஷமாம், பத்து நிமிஷம்!

பெரியம்மா நேற்றும் கேட்டுவிட்டாள். "ஏம்ல, நம்ம ஊர்ல இல்லாத பஸ்ஸா? காசக் கொட்டி வியட்நாம் போயி, பஸ்ஸுல உக்காந்துட்டு வந்துருக்கியளே!" சிரித்து மழுப்பினேன். அம்பாசமுத்திரம் வந்து ஒரு வாரம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதித் தீர்த்தால்தான் உண்டு.

நானும் கல்லிடைக்குறிச்சிச் சித்தப்பா மகனும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பியிருந்தோம். ஹனோயிலிருந்து லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்கு விமானத்தில் போனால் ஒரு மணி நேரம், சொச்சம். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு தம்பி சொன்னான்: "பஸ்ஸுல 24 மணி நேரம்தானண்ணே, தூங்கிட்டே போயிரலாம்." அவன் பேச்சைக் கேட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாலை 6 மணிக்கு பஸ். விடுதி வாசலுக்கே வேன் வரும், 4 மணிக்குத் தயாராக இருங்கள் என்றார்கள். 4 மணிக்கு வாசலில் நின்றோம். வேன் வந்தது ஐந்தரைக்கு. சந்து சந்தாக நுழைந்து இன்னும் எட்டுப் பேரைப் பொறுக்கிக்கொண்டு நகரத்தின் தென்கோடி பஸ் நிலையத்துக்குப் போனபோது மணி 7. அடித்துப் பிடித்து ஓடினோம். பஸ் எங்கேயும் போய்விடவில்லை. சாவகாசமாகப் பூண்டு ஏற்றிக்கொண்டிருந்தது.

பூண்டு மூட்டை. அடியில் சரக்கு வைக்கும் இடம் நிரம்பி, பின்னால் மூன்று படுக்கை நிரம்பி, அப்புறம் நடக்கிற வழியிலும் அடுக்கினார்கள். அங்கே ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடிக்கணும். மூன்று வரிசைப் படுக்கை, மேலும் கீழும். முன்னால் படுத்திருப்பவனின் முதுகுக்குக் கீழே ஒரு பொந்து, அதற்குள்தான் நம் காலை நுழைக்கணும். நான் ஆறடி. முழங்கால் நிமிராது. பொந்துக்குள்ளும் யாரோ ஒரு பொட்டலத்தைச் செருகியிருந்தான்.

எப்போது எடுப்பீர்கள் என்று கிளீனர் பையனிடம் கைக்கடிகாரத்தைக் காட்டிக் கேட்டேன். "மூய் ஃபூட்" என்றான். தம்பிக்கு முகமெல்லாம் பல். "சாப்பாட்டுக்கு நிறுத்துவானாம்ண்ணே, ஃபுட்டுங்கான்." அரை மணி கழித்துக் கேட்டோம். மூய் ஃபூட். இன்னும் முக்கால் மணி கழித்து. மூய் ஃபூட். ஒரு பிடி சோற்றையும் காணோம். கடைசியில் போனில் மொழிபெயர்ப்பைத் தட்டிப் பார்த்தால், மூய் என்றால் பத்து, ஃபூட் என்றால் நிமிஷம்! பஸ் கிளம்பியபோது மணி எட்டே முக்கால். பெரியம்மா கட்டிக்கொடுத்த கருப்பட்டி மிட்டாயில் மிச்சம் இருந்ததைத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

சரி, இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இரவு 3 மணிக்குத்தான் என் வயிறு எரிந்தது.

பஸ் மலையேறிப்போய் எல்லையில் நின்றது. இஞ்சின் நின்றது, விளக்கு நின்றது, டிரைவர் படுத்துவிட்டார். எதற்கு நிற்கிறோம்? வண்டி பழுதா? ஒரு வாய்ச்சொல் கிடையாது. வெளியே கும்மிருட்டு, மூடுபனி, நெஞ்சுக்கூட்டைத் துளைக்கிற குளிர். நான் வைத்திருந்த ஒரே போர்வை ஊரிலிருந்து எடுத்துப்போன சாரம், அதாவது கைலி. அதைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். விடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எல்லைக் கதவையே காலை 7 மணிக்குத்தான் திறப்பார்களாம். தினமும் அப்படித்தானாம். உள்ளூர்க்காரர்கள் கம்பளிக் குல்லாயோடு நிம்மதியாகக் குறட்டை விட்டதன் ரகசியம் அதுதான். நாலு மணி நேரம் நிற்கப்போகிறோம் என்று டிக்கெட் விற்றவருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், அந்தக் கிளீனர் பொடியனுக்கும் தெரியும். சொல்வதற்கென்ன, வாயில் கொழுக்கட்டையா?

எனக்குக் காத்திருக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பேர் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் ஜனங்கள் சோறாக்கிப் போட்டார்கள். அதைப் போய்த் தாமதம் என்று யாராவது திட்டுவோமா? ஆற்றிடம் என்ன கேட்பது? நம்ம பாபநாசம் பஸ்ஸுக்கு வீரவநல்லூரில் டயர் போனாலும், கண்டக்டர் இறங்கின கையோடு, "அண்ணாச்சி, டயர் போச்சு. பின்னால வண்டி வருது, அதுல ஏறிக்கிடுங்க" என்று சத்தம் கொடுப்பார். எரிந்துதான் விழுவார், ஆனால் சொல்லிவிடுவார். (சென்னை ஆம்னி பஸ்காரர்களை இந்தப் பாராட்டில் சேர்க்க வேண்டாம். பொங்கல் சமயத்தில் அவர்கள் அடிக்கிற கூத்துக்குத் தனியாக ஒரு பதிவு பாக்கி இருக்கிறது.)

விடிந்ததும் இன்னொரு கூத்து. வியட்நாம் பக்கம் முத்திரை வாங்கிக்கொண்டு லாவோஸ் சோதனைச் சாவடிவரை நாமே பொடிநடையாகப் போகணும். பஸ் தனியாகப் போகும். எங்களுக்கு அங்கேதான் விசா வாங்க வேண்டியிருந்தது. படிவம், போட்டோ, டாலர். என் நோட்டில் மடிப்பு இருக்கிறதென்று அதிகாரி திருப்பிக் கொடுத்தார். வேறு நோட்டு தேடி, அதுவும் இதுவும் முடிந்து வெளியே வந்தால் பஸ் மெல்ல நகர்கிறது. தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான் பாருங்கள் ஒரு ஓட்டம்! நிறுத்திவிட்டான். ராத்திரி முழுக்கப் பத்து நிமிஷம் பத்து நிமிஷம் என்று மென்றவனுக்கு, இரண்டு பேர் குறைகிறார்களே என்று அரை நிமிஷம் பார்க்க மனசில்லை.

அந்தப் பக்கம் இறங்கியதும் லக் சாவ் என்று ஒரு சிற்றூர். இருபதாவது கிலோமீட்டர் என்பதுதான் பேருக்கு அர்த்தமாம். பஸ் அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றது. பூண்டை இறக்கினார்கள். ஒவ்வொரு மூட்டையாக, எண்ணி, நோட்டில் எழுதி, இடையில் சிகரெட் பிடித்து. இரண்டு மூட்டை கணக்கு உதைத்தது, முதலிலிருந்து எண்ணினார்கள். எங்களை ஒரு தடவையாவது எண்ணியிருப்பார்களா? மூட்டைக்கு இருக்கிற மரியாதை டிக்கெட் எடுத்தவனுக்குக் கிடையாது. அந்த பஸ் பூண்டுக்காக ஓடுகிறது, நாங்கள் வழித்துணை.

வியந்தியான் போய்ச் சேர்ந்தபோது இரவு 11 மணி. 6 மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பஸ் நிலையமோ ஊருக்கு வெளியே. பதிவு செய்திருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், அது தனிக் கதை.

பையை அம்மா இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசி மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டாள். பூண்டு வாடை போகவில்லை. இப்போது அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.