"பாஸ்" என்றதற்குச் சிரித்தவர்களுக்கு

கடந்த வாரக் கூத்து மேடையில் நடந்ததை இங்கே மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் காணொளியை உங்களில் பலர் எனக்கே அனுப்பியிருந்தீர்கள். "மத்தளத்துக்குப் பாஸைக் கொஞ்சம் கூட்டி விடு மனே" என்று கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கும் ஆசானான அண்ணாவியார் கேட்டதும், "அது பாஸ் இல்லை ஐயா, பேஸ்" என்று ஒலிவாங்கியிலேயே ஒலிக் கருவியை இயக்கிய தம்பி திருத்தியதும், சபை சிரித்ததும், இடுப்பில் கட்டிய மத்தளத்தின் வாரைச் சரிசெய்வதுபோல அவர் குனிந்துகொண்டதும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

bass என்ற அந்தச் சொல் தாழ்ந்த ஒலியைக் குறிக்கும்போது ஆங்கிலேயர் அதைப் பேஸ் என்றுதான் உச்சரிக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சிரிப்பதற்குரிய பிழை அல்ல. எழுதியிருக்கும்படி வாசித்தால் பாஸ் என்றுதான் வரும். தாழ்ந்தது, குட்டையானது என்று பொருள்படும் பிற்கால இலத்தீன் சொல்லொன்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னர் இத்தாலிய இசைக்காரரின் 'பாஸ்ஸோ'வைப் பார்த்து எழுத்தில் இன்னொரு எஸ்ஸைச் சேர்த்துக்கொண்டார்கள். உச்சரிப்பை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். அவர்கள் செய்த குழப்பத்துக்கு எங்கள் அண்ணாவியார் தலைகுனிய வேண்டுமா?

இசைக்கு அடித்தளமாக இருப்பதால்தான் அதற்குப் பேஸ் என்று பெயர் வந்தது என்று அந்தக் காணொளியின் கீழ் ஒருவர் பாடம் நடத்தியிருந்தார். அடித்தளத்தைக் குறிக்கும் பேஸ் கிரேக்க வேரிலிருந்து வந்த வேறு சொல். இழிந்த என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் பேஸ்தான் இதற்கு உடன்பிறப்பு. திருத்துகிறவர்களும் தடுக்கி விழுகிற இடம் இது.

அதே நான்கு எழுத்துகள் ஒரு மீனுக்கும் பெயர். அங்கே ஆங்கிலேயரே பாஸ் என்கிறார்கள். எங்கள் வாவிக் கொடுவாவை 'சீ பாஸ்' என்று உணவுப் பட்டியலில் எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. வீடு கட்டும் மேசன் பாஸை எல்லாரும் மரியாதையோடுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பாஸ், 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் மொழியில் தலைவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இந்த ஊரில் பிறந்தவர் வாயில் பாஸ் என்ற ஒலி வருவதில் என்ன வியப்பு?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பீர்கள். பத்தாம் ஆண்டில் ஓர் ஆங்கிலப் பந்தியை எழுந்து வாசித்தபோது நானும் இதே சொல்லைப் பாஸ் என்று வாசித்தேன். ஆசிரியர் என்னை மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தார். மூன்று முறையும் வகுப்பு சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் நான் ஆங்கிலப் பாடத்தில் கை உயர்த்தவில்லை.

"சரியான உச்சரிப்பைச் சொல்லிக் கொடுப்பதும் குற்றமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. மேடையிலிருந்து இறங்கிய பிறகு காதோடு சொல்லியிருக்கலாம். "அண்ணாவியார் தமிழிலேயே கேட்டிருக்கலாமே?" என்ற இன்னொரு கேள்விதான் என்னைக் கொதிக்க வைத்தது. ஒலிக் கருவியின் திருகுக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத்தானே அவர் கேட்டார்? தமிழில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகள் உண்டென்பதும், கீழ்நிலைக்கு மெலிவு என்று பெயர் என்பதும், மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர் என்பதும், அதில் ரவையைக் குழைத்து அப்பினால் தோல் கனத்து, அதிர்வு குறைந்து, ஒலி தாழும் என்பதும் சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு எங்களுக்கு எவ்வளவு தூரம்? அவர் பெயரை மேடையில் சொல்லக் கைதட்டுகிறோம். அவர் தேடிய ஒலியைக் கையில் வைத்திருக்கும் மனிதரை, கடன் வாங்கிய ஒரு சொல்லுக்காக அதே மேடையில் கூனிக்குறுக வைக்கிறோம்.

நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் மத்தளத்தை வைத்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. புறப்படும்போது வாசல் வரை வந்து, "அடுத்த கூத்துக்கு நீயும் வா மனே, அந்த மிசின்காரத் தம்பியிட்ட நீயே சொல்லிவிடு, எனக்கு அது வாயில வருதில்ல" என்றார்.