சண்டை தப்பான பக்கத்தில் நடக்கிறது

ஹாரி பாட்டர் ஏழாவது புத்தகம் வெளிவந்தது 2007 ஜூலை 21. அமெரிக்காவில் மட்டும் முதல் நாளிலேயே 83 லட்சம் பிரதி விற்றது. அதன் கடைசிச் சில பக்கங்களைப் பற்றிய சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஓயாதது எனக்கு ஒரு வகையில் சந்தோஷம்தான். கதை முடிந்த விதத்துக்காக இத்தனை வருஷம் மல்லுக்கட்டுகிறார்கள் என்றால், அந்தக் கதை அவர்கள் வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் எல்லாரும் தப்பான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்பது என் கட்சி. நீளமாக எழுதப் போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள், முடிவு முழுக்க வெளியே வந்துவிடும்.

இப்போது கிளறிவிட்டவள் என் அக்கா மகள். பள்ளி விடுமுறையில் ஏழையும் படித்து முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "மாமா, இதெல்லாம் ஒரு முடிவா? எல்லாரும் கல்யாணம் பண்ணிக்கொண்டு, பிள்ளைகளை ரயிலேற்றிவிட வந்து நிற்கிறார்கள். இதற்கா அத்தனை பேர் செத்தார்கள்?" என்றாள். அவ்வளவுதான், சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரிந்தது. (மொரிஷியஸில் இருக்கிறோம், எங்கள் வீட்டில் சண்டை இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில்தான் நடக்கும். தமிழ் எனக்கு வகுப்பறையிலும் இங்கே முகநூலிலும். ஆகவே எல்லாருடைய பேச்சையும் ஒரு தமிழ் வாத்தியாரின் தமிழில்தான் கேட்கப் போகிறீர்கள்.)

மொரிஷியஸில் இந்தப் புத்தகத்துக்கு ஆங்கிலக் கட்சி, பிரெஞ்சுக் கட்சி என்று இரண்டு உண்டு. பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில், ஆனால் கதைப்புத்தகம் என்றால் நிறையப் பேருக்குக் கை பிரெஞ்சுப் பக்கம்தான் போகும். லண்டனில் நள்ளிரவில் விற்பனை தொடங்கியபோது இங்கே விடியற்காலை மூன்று மணி. அக்கா ஆங்கிலக் கட்சி. அன்று கடை திறந்ததும் வாங்கிவந்து, ஞாயிறு இரவுக்குள் முடித்து, வீங்கிய கண்ணோடு திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். அத்தான் பிரெஞ்சுக் கட்சி. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது அக்டோபர் 26. நடுவில் மூன்று மாதம், ஒரே வீட்டில் முடிவு தெரிந்த ஒருத்தியும் தெரியாத ஒருவரும். சமையற்கட்டில் அக்கா தோழியிடம் ஃபோனில் "பாவம் ஃப்ரெட்" என்று சொன்னது கூடத்தில் இருந்த அத்தான் காதில் விழுந்துவிட்டது. அந்தக் குற்றத்துக்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எபிலாக்கில், அதாவது கதை முடிந்தபின் ஒட்டிய அந்தக் கடைசிப் பகுதியில், நடப்பது உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது ஆண்டு கழித்து, ஒரு செப்டம்பர் முதல் தேதி, கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம். ஹாரிக்கும் ஜின்னிக்கும் மூன்று பிள்ளைகள், அவன் நண்பர்கள் ரானுக்கும் ஹெர்மயனிக்கும் இரண்டு. பள்ளிக்காலப் பகையாளி மால்ஃபாய் தூரத்திலிருந்து ஒரு தலையாட்டல். வகுப்புத்தோழன் நெவில் பேராசிரியர் ஆகிவிட்டான். நெற்றித் தழும்பு வலிப்பதில்லை. எல்லாம் நலம், சுபம்.

ரசிகர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காதையும் கூடப்பிறந்த ஃப்ரெட்டையும் பறிகொடுத்த ஜார்ஜ் எங்கே? தோழி லூனா எங்கே? ஹாரி என்ன வேலைதான் பார்க்கிறான்? அத்தனை சாவைப் பார்த்தவர்களில் ஒருவருக்குக்கூட ராத்திரி தூக்கம் கெடவில்லையா? இதோடு நிற்கவில்லை. தாங்களே கதை எழுதுகிற ரசிகர்கள் "எபிலாக்கா? எந்த எபிலாக்?" என்று ஒரு முத்திரையே செய்துவிட்டார்கள். அந்த முத்திரை குத்திய கதைகளில் ரயில் நிலையக் காட்சி நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மகாபாரதத்தைத் தெருக்கூத்தாக ஆடியவர்கள் வியாசரிடம் அனுமதி கேட்டுக்கொண்டா ஆடினார்கள்?

ரான், ஹெர்மயனி கல்யாணத்தைப் பற்றி 2014-இல் கதையை எழுதிய ரோலிங்கே ஒரு பேட்டியில் தன் ஆசைக்காகத்தான் அப்படிச் சேர்த்துவைத்ததாகச் சொல்லி, ஆறிப்போன அடுப்பை மறுபடி ஊதிவிட்டார். அந்தப் பக்கம் நான் போகவில்லை. யார் யாரைக் கட்டினால் எனக்கென்ன.

இன்னொரு பெரிய குறை, பிள்ளையின் பெயர். ஹாரி தன் இரண்டாவது மகனுக்கு ஆல்பஸ் செவரஸ் என்று பெயர் வைத்திருக்கிறான். செவரஸ் என்பது ஆறு வருஷம் அவனை வகுப்பில் வைத்து வதைத்த ஆசிரியர் ஸ்னேப்பின் பெயர். ஆங்கிலத்தில் எழுதுகிற ரசிகர்கள் இதற்குச் சிரிக்கிறார்கள், கொதிக்கிறார்கள். செத்தவர்கள் பெயரைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது அவர்களுக்கு விசித்திரமாகப் படுகிறது. எனக்குப் படவில்லை. இந்தத் தீவில் தமிழ்க் குடும்பங்களின் பெயர்களைப் பாருங்கள். வீராசாமி, சின்னப்பன், முத்து, ராமசாமி. இவையெல்லாம் எப்போதோ கப்பலில் வந்து இறங்கிய ஒரு மனிதரின் சொந்தப் பெயர். எழுத்தர் பதிவேட்டில் எழுதினார், அடுத்த தலைமுறையின் காகிதத்தில் அதுவே குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது. அந்த மனிதர் நல்லவரா, குடித்துவிட்டு வீட்டில் அடித்தவரா, யாருக்கும் தெரியாது. பேரன் பேத்திகள் சுமக்கிறார்கள். வேண்டியவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்துக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம்தானே?

ஆனால் ஒன்று. அக்கா மகள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது புத்தகத்தில் நெவிலுக்கு உலகத்திலேயே பெரிய பயம் ஸ்னேப்தான். இப்போது அதே பள்ளியில் நெவில் பேராசிரியர். வகுப்பில் நின்று "ஆல்பஸ் செவரஸ்" என்று அவன்தான் பெயர் கூப்பிட வேண்டும். எனக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தந்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயரைத் தினமும் காலையில் வகுப்பில் உரக்கக் கூப்பிடச் சொன்னால் நான் வேலையை எழுதிக்கொடுத்துவிடுவேன்.

இதெல்லாம் ரயில் நிலையச் சண்டை. நான் சொல்லவந்த பக்கம் அதற்கு முன்னால் இருக்கிறது. எபிலாக்குக்கு முந்தைய அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். போர் முடிந்துவிட்டது. வில்லன் வால்டெமார்ட் செத்துக் கிடக்கிறான். ஹாரி தன் உடைந்த மந்திரக்கோலைச் சரிசெய்துவிட்டு, இனிமேல் எனக்குத் தொல்லையே வேண்டாம் என்கிறான். அதைச் சொல்லும்போது மனசுக்குள் இரண்டே நினைப்பு. ஒன்று, மேலே காத்திருக்கும் கட்டில். இரண்டாவது, க்ரீச்சர் தனக்கு ஒரு சாண்ட்விச் கொண்டுவருமா என்பது.

க்ரீச்சர் யார்? வீட்டு எல்ஃப். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்துக்கு ஊழியம் செய்யப் பிறந்தது. எஜமான் துணி கொடுத்தால்தான் விடுதலை. ஹாரிக்கு அது வீடு வாசலோடு சேர்த்து வாரிசுச் சொத்தாக வந்தது. ஏழு புத்தகத்தின் கதை, கடைசியில் ஓர் அடிமை எஜமானுக்கு ரொட்டி கொண்டுவருமா என்ற எதிர்பார்ப்பில் முடிகிறது. பக்கம் திருப்பினால் ரயில் வந்துவிடுகிறது.

இதை நான் மிகைப்படுத்துகிறேன் என்றார் அத்தான். "பையன் ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் சண்டை போட்டிருக்கிறான், அவனுக்குப் பசிக்காதா?" அக்காவோ, அதற்குள் க்ரீச்சருக்கே ஹாரியைப் பிடித்துப்போயிற்று, அன்போடுதான் கொண்டுவரும் என்றாள். இரண்டும் சரி. என் கோபம் ஹாரி மேல் இல்லை. இந்தப் புத்தகத்துக்கு விஷயம் தெரியாது என்றால் விட்டுவிடலாம். இதற்கு நன்றாகத் தெரியும். அதுதான் உறுத்துகிறது.

இதே ஏழாவது புத்தகத்தில் டாபி என்ற விடுதலையான எல்ஃப் செத்ததும் ஹாரி என்ன செய்கிறான்? மந்திரத்தால் ஒரு நொடியில் குழி தோண்டிவிடலாம். அவன் மண்வெட்டி கேட்டு வாங்குகிறான். வேர்வை வழிய, கை கொப்புளித்துப் போகத் தன் கையாலேயே தோண்டுகிறான். சுதந்திரமான எல்ஃப் என்று கல்லில் எழுதிவைக்கிறான். ஏழு புத்தகத்திலும் இதைவிடப் பெரிய இடம் இல்லை என்பேன். இன்னும் இருக்கிறது. கடைசிப் போருக்கு நடுவில் ரானுக்குச் சமையலறை எல்ஃப்களின் நினைப்பு வருகிறது. நமக்காகச் சாகச் சொல்லி அவற்றுக்குக் கட்டளை போட முடியாது, வெளியே அனுப்பிவிட வேண்டும் என்கிறான். ஹெர்மயனி அவனை முத்தமிடுவதே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். அப்புறம் அதே எல்ஃப்கள் க்ரீச்சர் தலைமையில் வெட்டுக்கத்தியும் அரிவாளுமாக ஓடிவந்து போரில் குதிக்கின்றன. இவ்வளவையும் எழுதிய கை, விடிந்ததும் சாண்ட்விச் கேட்கிறது.

நான் எங்கே உட்கார்ந்து படிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பிப்ரவரி 1 அரசு விடுமுறை. 1835-இல் அந்த நாளில்தான் இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்த மறுநாள் என்ன நடந்தது? விடுதலையானவர்கள் "பயிற்சிப் பணியாளர்" என்ற புதுப் பெயரில் பழைய எஜமானிடமே வேலைக்கு நிற்க வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடு 1839 வரை நீடித்தது. நஷ்டஈடாகப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த சுமார் 20 லட்சம் பவுண்டு எஜமான்களுக்குத்தான் போனது, அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே, அதற்காக 1834 முதலே ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்தார்கள். போர்ட் லூயிஸில் கூலிகள் வந்திறங்கிய அப்ரவாசி காட் படிக்கட்டில் ஏறி வந்தவர்களில் என் முன்னோரும் உண்டு. விடுதலை என்று அறிவிப்பது ஒரு நாள் வேலை. மறுநாள் காலையில் யார் யாருக்குச் சோறு கொண்டுவருகிறார்கள் என்பதுதான் கதை. இதைப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவனுக்கு, அந்தச் சாண்ட்விச் தொண்டையில் சிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு வேடிக்கை. புத்தகம் வந்த சில நாட்களிலேயே ரோலிங் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதில், ஹெர்மயனி மந்திர அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து வீட்டு எல்ஃப்களின் நிலைமையை நிறைய மாற்றினாள் என்கிறார். அடடா! இதல்லவா கதை? இது வெளியே பேச்சோடு போயிற்று. யாருக்கு எத்தனை பிள்ளை என்பது உள்ளே அச்சில் ஏறியது.

யார் என்ன ஆனார்கள் என்று கேட்பது வாசகனுடைய பிறப்புரிமை. நம் கல்கியையே விடவில்லையே. 'பொன்னியின் செல்வன்' மூன்றரை ஆண்டு ஓடி 1954-இல் முடிந்தபோது, முடிவு திருப்தியாக இல்லை என்று கேள்விக்கணை தொடுத்தார்கள். அவர் முடிவுரை என்று தனியாக ஒன்று எழுதி, அதில் பதில் சொன்னார். கதையை மறுபடி திறந்து கல்யாணக் காட்சி ஒட்டவில்லை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் (நம் பக்கத்துத் தென்னாப்பிரிக்காவில், புளூம்ஃபான்டெயினில் பிறந்தவர், இதைச் சொல்லாமல் விட மனசில்லை) இன்னும் ஒரு படி மேலே போனார். அவரும் எபிலாக் எழுதித்தான் வைத்திருந்தார். கதாநாயகனின் தோழன் சாம் தன் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்கிற அத்தியாயம். படித்துப் பார்த்தவர்கள் வேண்டாம் என்றதும் தூக்கிவிட்டார். 1992-இல் அவர் மகன் தொகுத்த நூலில்தான் அது அச்சேறியது.

டோல்கீன் எடுக்காமல் விட்டது எதை என்றும் பாருங்கள். தீய மோதிரம் அழிந்து, முடிசூட்டு விழா முடிந்து, புறப்பட்டுப் போன நண்பர்கள் நால்வரும் ஊர் திரும்பினால், ஊர் ஊராக இல்லை. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள், தெருவுக்குத் தெரு கெடுபிடி, அடியாட்கள். பெரிய போரில் ஜெயித்தவர்கள் சொந்த ஊரில் மறுபடி ஒரு சின்னச் சண்டை போட வேண்டியிருக்கிறது. 2003-இல் வந்த சினிமாவில் இந்தப் பகுதியே கிடையாது, மந்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மூன்று பாகத்திலும் பிடித்தது அதுதான். அங்கே மறுநாள் காலை இருக்கிறது. ஹாரி பாட்டரில் அது இல்லை. போர் முடிந்த அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம் ஒரே தாவல்.

எனக்கு எபிலாக்கை எடுக்க வேண்டாம். இருந்துவிட்டுப் போகட்டும், அக்காவுக்கு அது பிடிக்கும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். அந்த மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸின் சமையலறை எங்கே இருக்கிறது என்று ஹாரிக்குத் தெரியும். பழ ஓவியத்தில் இருக்கும் பேரிக்காயைக் கூசவைத்தால் கதவு திறக்கும். இவனே இறங்கிப் போகட்டும். ராத்திரி கூடச் சண்டை போட்ட எல்ஃப்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அக்கா மகள் யோசித்தாள். "அப்போதும் சமைப்பது அவைதானே மாமா?"

"அவனே ரொட்டியை வெட்டிக்கொள்ளட்டும்."

"பாத்திரம்?"

அத்தான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, பிரெஞ்சுப் பதிப்பில் அந்த வாக்கியம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அலமாரிப் பக்கம் எழுந்து போனார். அங்கேயும் சாண்ட்விச்தான்.