நிலத்தை எடுக்கும் அதிகாரம் யார் கையில்?

வில்ஹெல்மினா டெரி 1918ல் பிறந்த அதே வீட்டில்தான் எண்பது வயதைத் தாண்டியும் குடியிருந்தார். அவருடைய கணவரும் கல்யாணமான நாளிலிருந்து ஏறத்தாழ அறுபது வருடம் அங்கேதான் இருந்தார். அந்த வீடு சீரழிந்து கிடந்தது என்று யாரும் சொல்லவில்லை. இருந்தும் 2000 நவம்பரில் அதைக் கையகப்படுத்த வழக்குப் போட்டார்கள். அந்த இடத்தில் வேறு ஒன்று வந்தால் ஊருக்கு வேலையும் வரி வருமானமும் கூடும் என்பதுதான் சொன்ன காரணம்.

ஊர், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன். ஊர் நிஜமாகவே நொடிந்துபோயிருந்தது, அதை மறைக்கக் கூடாது. 1,500 பேருக்கு மேல் வேலை செய்த கடற்படை ஆய்வு மையம் 1996ல் மூடப்பட்டது. 1998ல் வேலையில்லாதவர் விகிதம் மாநில அளவைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த வருடம் ஃபைசர் மருந்து நிறுவனம் 30 கோடி டாலரில் ஆய்வுக்கூடம் கட்டப்போவதாக அறிவித்ததும் ஊர் நிர்வாகம் அதையே பற்றிக்கொண்டது. பக்கத்தில் ஃபோர்ட் ட்ரம்புல் பகுதியில் சுமார் 90 ஏக்கருக்குத் திட்டம் போட்டார்கள்: ஹோட்டல், அலுவலகங்கள், புது வீடுகள். ஆயிரம் வேலைக்கு மேல் வரும் என்றார்கள். தனியார் மேம்பாட்டுக் கழகம் ஒன்றிடம் ஊர் தன் நில ஆர்ஜித அதிகாரத்தையே ஒப்படைத்தது.

டெரி குடும்பமும், தண்ணீர் தெரியும் என்று ஆசைப்பட்டு 1997ல் அங்கே வீடு வாங்கிய சூசெட் கெலோவும், இன்னும் சிலரும் நீதிமன்றம் போனார்கள். 2005 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம், பொதுப் பயன்பாட்டுக்காகத் தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்கிறது. பொருளாதார வளர்ச்சியும் பொதுப் பயன்பாடுதான் என்றது தீர்ப்பு. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், இப்படிப் போனால் எந்த வீட்டையும் எடுத்து வணிக வளாகம் கட்டலாம், எந்த வயலையும் எடுத்துத் தொழிற்சாலை கட்டலாம் என்றார். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், அடி ஏழைகள்மேல்தான் விழும் என்றார்.

அப்புறம் என்ன நடந்தது? 2009ல் ஃபைசர் அந்த ஊரிலிருந்து கிளம்புவதாக அறிவித்தது. வீடுகளை இடித்த இடத்தில் ஹோட்டலும் வரவில்லை, அலுவலகமும் வரவில்லை. வருடக்கணக்காகப் புல் மண்டி, தெருப்பூனைகள் திரியும் வெற்றிடமாகவே கிடந்தது. கெலோவின் இளஞ்சிவப்பு வீட்டை மட்டும் பிரித்து எடுத்துப்போய் அதே ஊரில் வேறிடத்தில் நிறுத்தினார்கள்.

தீர்ப்பு வந்ததுமே நாடே கொதித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தின. ஆனால் பல மாநிலங்களில், 'சீரழிந்த பகுதி' என்று அறிவித்துவிட்டால் எடுக்கலாம் என்ற வழியைத் திறந்தே வைத்தார்கள். ஒரு பகுதியைச் சீரழிந்தது என்று யார் முடிவு செய்வது? வசதியானவர்கள் தெருவில் அந்த முத்திரையைக் குத்த யாருக்காவது தைரியம் வருமா? 1954ல் பெர்மன் வழக்கில் தலைநகர் வாஷிங்டனின் தென்மேற்கில் ஒரு பகுதியை மொத்தமாக எடுக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அனுமதித்தபோது, அங்கே இருந்தவர்கள் 5,012 பேர். அவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் கறுப்பின மக்கள். வீடுகள் மோசமாகத்தான் இருந்தன. பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கழிப்பறை வெளியேதான். வீட்டைச் சரிசெய்வது ஒன்று, குடியிருந்தவர்களை ஊரைவிட்டே கிளப்புவது வேறு. அந்த வித்தியாசத்தைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை.

சரி, அரசுக்கு இந்த அதிகாரமே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனசில்லை. காரணம், பாஸ்டன் நகரத்தின் டட்லி தெரு.

1980களில் அந்தப் பகுதியில் சுமார் 1,300 காலி மனைகள். இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தீ வைக்கப்பட்ட வீடுகள் எத்தனையோ. வெளியூர்க்காரர்கள் லாரி லாரியாகக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பகுதியைச் சீரமைக்க அறக்கட்டளையும் தொண்டு நிறுவனங்களும் ஒரு அமைப்பைத் தொடங்கத் திட்டம் போட்டன. அதன் நிர்வாகக் குழுவில் குடியிருப்பவர்களுக்குச் சில இடங்கள்தான். கூட்டத்தில் ஜனங்கள் எழுந்து, உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அதன் பிறகு பெரும்பான்மை இடங்கள் குடியிருப்பவர்களுக்கே போயின. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், கேப் வெர்டே நாட்டவர், வெள்ளையர் என நான்கு சமூகங்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம்.

1988ல் பாஸ்டன் நகர நிர்வாகம் அந்த அமைப்புக்கு அதே நில ஆர்ஜித அதிகாரத்தை வழங்கியது, தனியாருடைய காலி மனைகளுக்கு மட்டும். அதே சட்ட ஆயுதம்தான், ஆனால் இங்கே குடியிருந்த யாரும் தெருவுக்கு வரவில்லை. நிலம் சமூக நில அறக்கட்டளைக்குச் சொந்தம், அதன்மேல் கட்டிய வீடு குடும்பத்துக்குச் சொந்தம், நிலத்துக்கு 99 வருடக் குத்தகை. விற்கும்போது விலைக்கு வரம்பு உண்டு, அதனால் அடுத்து வருபவரும் நடுத்தர வருமானத்தில் வாங்க முடியும். இன்று 200க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படி இருக்கின்றன. வீட்டு விலை ஏறினால் முழு லாபமும் வீட்டுக்காரருக்குக் கிடைக்காது என்பது நியாயமான குறைதான். காலங்காலமாகச் சொத்து சேர்க்க விடாமல் தடுக்கப்பட்டவர்களிடம் இதைச் சொல்வது இன்னும் கஷ்டம். ஆனாலும், வாடகை ஏறி ஏறி ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, அசைக்க முடியாத கூரை பெரிய விஷயம்.

ஆகவே நகர மேம்பாட்டுச் சட்டம் எழுதுபவர்களிடம் நான் கேட்பது இரண்டு. நிலத்தை எடுக்கும் அமைப்பின் குழுவில் பாதிக்கு மேல் அந்தத் தெருக்காரர்கள் இருக்க வேண்டும், ஆலோசனை சொல்ல அல்ல, ஓட்டுப் போட. இரண்டாவது, சொன்ன கட்டடம் சொன்ன கெடுவுக்குள் எழும்பாவிட்டால், முன்பு குடியிருந்தவர்களுக்கே நிலத்தைத் திரும்பக் கேட்கும் முதல் உரிமை. இரண்டும் இழப்பீட்டுத் தொகையைப் பேசுவதற்கு முன்பே சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.