சிரை இரத்தம் நீல நிறமன்று

கையில் நீலமாகத் தெரியும் குழாய்களில் நீல நிற அசுத்த இரத்தம் ஓடுவதாகவும், ஊசி குத்தியவுடன் காற்றுப் பட்டு அது சிவப்பாக மாறுவதாகவும் மேலே நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்துள்ளனர். அன்புடன் சொல்கிறேன், அது சரியன்று. நுரையீரலில் ஆக்சிஜனைப் பெற்ற இரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவும், அதை உடலெங்கும் கொடுத்துவிட்டுச் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். ஓய்வாக இருக்கும்போது, திரும்பி வரும் இரத்தத்திலும் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது. நீலம் என்பது ஒளியால் ஏற்படும் தோற்றம்: தோலுக்குள் ஆழமாகச் செல்லும் சிவப்பு ஒளியைச் சிரையிலுள்ள இரத்தம் உட்கொண்டுவிடுவதால், அந்த இடத்திலிருந்து சிவப்பு குறைவாகவே நம் கண்ணுக்குத் திரும்புகிறது.

இதை யாரும் சரிபார்க்கலாம். வேலூர், காட்பாடிப் பகுதியில் இரத்த தானம் செய்பவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். முழங்கை மடிப்பிலுள்ள சிரையிலிருந்து இரத்தம் மூடிய குழாய் வழியாக, வெளிக்காற்றே படாமல் பைக்குள் இறங்குகிறது. அடுத்த முறை அந்தக் குழாயை ஊசிக்கு அருகிலேயே கவனியுங்கள். காற்றுதான் நிறத்தை மாற்றுகிறது என்றால் அங்கே நீலம் தெரிய வேண்டும், தெரிவதோ கருஞ்சிவப்பு. பள்ளிப் பிள்ளைகளும் இதைப் படிப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: பாடநூல் படங்களில் சிரைகளுக்கு நீலம் தீட்டுவது, இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் தமனிகளிலிருந்து அவற்றை வேறுபடுத்திக் காட்டுவதற்காகத்தான்.