லீவு வீணாப் போகுதேன்னு பயந்தே லீவு முடிஞ்சது

"பொங்கலுக்கு நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்கிறார் பக்கத்து சீட் சார். வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

ரெஸ்ட்டா? இந்த 2025 பொங்கலுக்கு ரயில் டிக்கெட் எடுக்கவே 2024 செப்டம்பரில், அப்போதிருந்த விதிப்படி 120 நாள் முன்னால், காலை 8 மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஜென்மம் இது. கிடைத்தது வெயிட்டிங் லிஸ்ட். அது கடைசிவரை வெயிட்டிங்கிலேயே கிடந்து செத்தது. பஸ் பிடித்து, ஜிஎஸ்டி ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். அரசாங்கம் 17ஆம் தேதியையும் சேர்த்து 14 முதல் 19 வரை விடுமுறை விட்டது. எங்கள் ஆபீஸ் மட்டும் அந்த 17ஐ என் சொந்த லீவில் கழித்துக்கொண்டது.

இப்படி வாங்கிய லீவில் மல்லாந்து படுக்க மனசு வருமா? படுத்தால் உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்துவிடுகிறான். மணி ரெண்டே முக்கால். நாலுக்குக் காபி. சாயங்காலம் பெரியம்மா வீடு. நாளை மறுநாள் பை கட்டணும். அப்படிப் பார்த்தால் லீவு இன்றைக்கே முடிந்த மாதிரிதானே? எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தால், எவனோ மூணாறில் மேகத்துக்கு நடுவே டீ கிளாஸோடு நிற்கிறான்.

அந்தப் படபடப்பில்தான் காணும் பொங்கலன்று பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குக் கிளம்பினோம். கிளம்பினோம் என்று எழுதுவது சுலபம். ஏழு மணிக்கு வேன் எடுப்பதாகப் பேச்சு. ஏழு மணிக்குத்தான் அத்தை புளி கரைக்க உட்கார்ந்தாள்.

"அங்க குரங்கு தொல்லை அத்தை, புளியோதரை எதுக்கு?"

"குரங்குக்குப் பயந்து பட்டினி கெடக்க முடியுமால?"

அத்தான், அருவியில் குளிக்கப் போகிற மனுஷன், வீட்டில் ஒருமுறை வெந்நீரில் குளித்தார். சவரம் வேறு. திருநீறு பூசி, சட்டைக்கு இஸ்திரி போட்டு... "இந்தா வந்துட்டேன் மாப்ள" என்ற குரல் மட்டும் ஒன்பது மணியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஒருவழியாக வேன் தெருமுனையைத் தாண்டியதும் அக்காவுக்குச் சந்தேகம்: கேஸை மூடினோமா? திரும்பினோம். மூடித்தான் இருந்தது. மறுபடி ஏறினால் சித்தி மகனைக் காணோம். அவன் கரும்பு எடுக்கப் போயிருக்கிறான்!

சோதனைச்சாவடியில் பாதி ஜில்லா வரிசையில் நின்றது. உள்ளே புலிகள் காப்பகம், சோப்பு ஷாம்பு கொண்டுபோகக் கூடாது. ஊருக்கே தெரியும். அத்தானுக்கும் தெரியும். தெரிந்துதான் ஷாம்பு பாக்கெட்டைத் துண்டுக்குள் மடித்து வைத்திருந்தார். அது சிக்கியது. அப்புறம் என்ன, புளியோதரைத் தூக்குவாளி வரை திறந்து பார்த்தார்கள். நானோ அந்த வெயிலில் நின்றபடி, திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் இல்லாத ஓவர்டைம்.

வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி அது. எனக்குத் தலை நனைந்தது. முதுகுக்கு வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "தம்பி, போதும், நவுருங்க" என்றார்.

இருட்டியபிறகு வேனில் அத்தான் பெருமூச்சு விட்டார்: "இன்னைக்குப் பொழுது வேஸ்ட் ஆகாம உருப்படியாப் போச்சுல்லா மாப்ள!" கோபப்படக்கூடத் தெம்பில்லை. சிரித்துவிட்டேன்.

சரி, அதெல்லாம்கூடப் போகட்டும். வந்து படுத்தால், கோயில் முக்கில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். கோலப்போட்டி, மியூசிக்கல் சேர் எல்லாம் முடிந்து, "பானை உடைக்கப் பேர் குடுத்தவங்க உடனடியா மேடைக்கு வரவும்" என்று ஒருவன் கத்துகிறான். ராத்திரி பதினொன்றரைக்கு எவன்யா கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைப்பான்? ஒருத்தரும் போகவில்லை. அவன் விடுவதாயில்லை. நடுநடுவே மைக் டெஸ்டிங் வேறு.