மறுபடியும் அந்த மஞ்சள் விளக்கு

ஆத்தங்குடித் தரைக்கல்லை வண்டியில வைக்கோல் வச்சு அடுக்கி, காரைக்குடிக்குக் கிளம்பினா பாதி வழியில டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு. வண்டி இழுக்கவே மாட்டேங்குது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 (புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் பிக்கப். புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் அடைச்சா எரியுற விளக்கு அது. ஃபில்டர் அந்தக் கரியைத் தானா எரிச்சுச் சுத்தமாக 600 டிகிரி கிட்ட சூடு வேணும். அதுக்கு நெடுஞ்சாலையில நிக்காம ஓடணும். நான் ஓடுறதோ பக்கத்துலயே இருக்கிற கானாடுகாத்தான், பள்ளத்தூர், திரும்ப ஆத்தங்குடி. விக்கும்போது இதை ஒருத்தராவது சொன்னாங்களா? சர்வீஸ் சென்டர்ல லேப்டாப்பைச் சொருகி விளக்கை அணைச்சு விடுறாங்க. பத்தே நாள்ல திரும்ப எரியுது. போன மாசம் பிரேக் குழாய்க்கு ரீகால்னு (குறையைச் சரிபண்ண கம்பெனியே வண்டியைத் திரும்பக் கேக்குறது) கூப்பிட்டு இலவசமா மாத்தினாங்க, அது சரி. ஆனா வண்டி நின்ன நாளுக்கு லோடுமேன் கூலியை யார் தர்றது? கல்லு கேட்டவர் வீட்டுல கொத்தனார் காலையிலேருந்து உட்கார்ந்திருக்காரு.