கீசருக்குப் பணி நீட்டிப்பு

(டெல்லி, மயூர் விஹார். ஜனவரி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை, தலை நிறைய நல்லெண்ணெயோடு இடுப்பில் துண்டும் தோளில் ஸ்வெட்டருமாகப் பாத்ரூம் வாசலில் நிற்கிறார். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற மாமா, கையில் ஸ்பேனரோடு, சூடேறாத கீசருக்கு எதிரே ஸ்டூல் மேல்.)

மாப்பிள்ளை: மாமா, கீழே மார்க்கெட்டில் எலக்ட்ரீஷியன் இருக்கிறாராமே...

மாமா: இருக்கிறான். வந்ததும் வராததுமாக "நயா லே லோ, அங்கிள்ஜி", புதுசு வாங்கிவிடுங்கள் என்பான். 1996-இல் வாங்கியது மாப்பிள்ளை இது. என் பெண்ணைவிட ஒரு வயதுதான் சின்னது.

மாப்பிள்ளை: (முணுமுணுப்பாக) அவளாவது உடனே சூடாகிவிடுகிறாள்.

மாமா: என்ன?

மாப்பிள்ளை: நல்ல தயாரிப்பு என்றேன்.

மாமா: எம்.சி.பி.யை, அதுதான் மெயின் பெட்டியில் இருக்கிற கீசர் பிரேக்கரை, இறக்கிவிட்டீர்களா?

மாப்பிள்ளை: சுவிட்சை அணைத்துவிட்டேனே?

மாமா: போதாது. சில மகானுபாவர்கள் சுவிட்சைக் கரண்ட் வரும் கம்பியில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் உட்கார்ந்திருக்கும்.

மாப்பிள்ளை: (ஓடிப் போய்த் திரும்பி) இறக்கிவிட்டேன். மிக்ஸி நின்றுவிட்டது என்று அத்தை சத்தம் போடுகிறார்.

மாமா: மெயினையே இறக்கிவிட்டீர்களா! சரி, இன்னும் பத்திரம். (டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டு) வால்வை மூடியாச்சு. நீலம் போட்ட பக்கம் பைப்பைக் கழற்றுகிறேன். நீங்கள் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து விடுங்கள். மேலே காற்று போனால்தான் கீழே தண்ணீர் இறங்கும்.

மாப்பிள்ளை: ஐயோ, கால்!

மாமா: பக்கெட்டைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். 25 லிட்டர் வரும்.

(மூடியைக் கழற்றுகிறார்.)

மாப்பிள்ளை: காயில் எங்கே மாமா? வெள்ளையாக ஒரு பாறைதான் தெரிகிறது.

மாமா: அதற்குள்ளேதான் இருக்கிறது. போர் தண்ணீர். சூடானால் அதிலிருக்கும் சுண்ணாம்பு பிரிந்து காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலையே எரித்துவிடும்.

மாப்பிள்ளை: ஒரு மார்கழி முழுக்கக் கோலம் போடலாம் போலிருக்கிறதே! புதுக் காயிலுக்கு எங்கே போவது?

மாமா: கட்டிலுக்கு அடியில் நாலு இருக்கிறது. பகீரத் பேலஸ் எலக்ட்ரிகல் மார்க்கெட்டில் மொத்த விலைக்கு எடுத்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை, 2000 வாட்.

மாப்பிள்ளை: நாலா! அப்படியானால் 1996-இல் வாங்கியதில் இப்போது என்னதான் மிச்சம்?

மாமா: தொட்டி, வெளிக்கூடு, வாரண்டி கார்டு. லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை: இது என்ன, பாதி கரைந்துபோன கம்பி?

மாமா: மெக்னீசியம். தொட்டியை அரிக்க வேண்டியதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அது கரையும். தொட்டி தப்பிக்கும்.

மாப்பிள்ளை: இந்த வீட்டு மாப்பிள்ளை மாதிரி.

மாமா: அதையும் மாற்றிவிடலாம்.

மாப்பிள்ளை: ...கம்பியைத்தானே?

(சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, புதுக் காயிலும் கம்பியும் மாட்டி, கேஸ்கெட் வைத்து மூடி முறுக்கியாகிறது. மெயினை ஏற்றிவிட்டு வந்த மாப்பிள்ளையின் கை கீசர் சுவிட்சுக்குப் போகிறது.)

மாமா: தொடாதீர்கள்! தொட்டி நிரம்பாமல் போட்டால் புதுக் காயில் இன்றைக்கே காலி. சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வரட்டும்... ம், வந்தாச்சு. இப்போது போடுங்கள்.

மாப்பிள்ளை: விளக்கு எரிகிறது மாமா! இனி எவ்வளவு நேரம்?

மாமா: 25 லிட்டர். 15 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற வேண்டும். 2 கிலோவாட். நாற்பது நிமிடம்.

மாப்பிள்ளை: நாற்பதா! தேங்காய் எண்ணெயாக இருந்தால் இந்நேரம் தலையிலேயே உறைந்திருக்கும்.

(சமையலறையிலிருந்து குரல்: "அண்டாவில் வெந்நீர் தளதளவென்று கொதிக்கிறது, யாருக்கு?")

மாப்பிள்ளை: (துள்ளி) அத்தை, எனக்...

மாமா: அதைப் பின்பக்கப் பாத்ரூமில் வைக்கச் சொல்லுங்கள். கையெல்லாம் அழுக்கு. நான் ஒரு குளியல் போட்டுவிட்டு வருகிறேன்.

மாப்பிள்ளை: அப்போ நான்?

மாமா: நீங்கள் கீசரில்தான் குளிக்க வேண்டும். உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன்!